துர்க்மென் என்றால் யார்? கொடிவழி, கூடாரம், தண்ணீர், அரசு

2015 நவம்பர் 24 அன்று துருக்கி ஒரு ரஷ்யப் போர் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. பாராசூட்டில் இறங்கிய விமானியைச் சுட்டது நாங்கள்தான் என்று சிரியாவின் துர்க்மென் போராளிகள் சொல்லிக்கொண்டார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 13 அன்று துர்க்மெனிஸ்தானின் மரி நகரம் பக்கம், அங்கிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு எரிவாயு கொண்டுவரும் தாபி குழாய்த் திட்டத்துக்குத் தொடக்க விழா; இந்தியாவிலிருந்து அன்றைய துணைக் குடியரசுத் தலைவர் ஹமீத் அன்சாரி போயிருந்தார். இரண்டு செய்தியிலும் ஒரே பெயர். அந்த மக்களும் இந்த மக்களும் ஒன்றா? துர்க்மெனிஸ்தான் சிரியாவுக்குப் பக்கத்திலா இருக்கிறது?

இல்லை. நடுவில் ஈரானும் ஈராக்கும் கிடக்கின்றன. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பது தற்செயலும் அல்ல. அதைப் பிரித்துப் பார்த்தால் இன்னொரு கேள்வி வரும்: அரசனே இல்லாமல், வகையறா வகையறாவாக, கூடாரத்தில் வாழ்ந்தவர்கள் எப்படி ஒரு நாடானார்கள்? துர்க்மென்களைப் பற்றிய மானிடவியல் ஆய்வுகளில் உருப்படியானவை இந்தக் கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன.

பெயர்க் குழப்பம்

துர்க்மென் என்ற சொல் பத்தாம் நூற்றாண்டு அரபு நூல்களிலேயே வந்துவிடுகிறது. இஸ்லாத்தை ஏற்ற ஓகுஸ் துருக்கியரை, அதாவது துருக்கிய மொழி பேசிய மத்திய ஆசியக் குலங்களின் ஒரு பெரும் பிரிவை, அப்படி அழைத்தார்கள். 'துர்க்' என்பதோடு அழுத்தம் தரும் ஒரு விகுதி சேர்ந்து 'அசல் துர்க்' என்ற பொருளில் வந்தது என்பது மொழியறிஞர்கள் பலரின் கருத்து. துர்க்கும் ஈமானும் (இறைநம்பிக்கை) சேர்ந்தது, பாரசீகத்தில் 'துர்க் போன்றவர்' என்பதிலிருந்து வந்தது என்றெல்லாம் பழைய கதைகள் உண்டு, கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். இன்று இந்தப் பெயர் மூன்று வகையாகப் புழங்குகிறது.

1. துர்க்மெனிஸ்தான், அதை ஒட்டிய வடகிழக்கு ஈரான், வடக்கு ஆப்கானிஸ்தான் ஆகிய இடங்களில் வாழும் துர்க்மென்கள். தெக்கே, யோமுத், எர்சாரி, சாரிக், சாலோர், கோக்லென், சவுதுர் என்று குலப் பெயர் சொல்பவர்கள் இவர்கள். இந்தக் கட்டுரை இவர்களைப் பற்றியது.

2. ஈராக்கின் கிர்குக் பக்கமும் சிரியாவின் வடக்கிலும் வாழும் துர்க்மென்கள். இவர்களும் ஓகுஸ் வழி என்றே சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் முன்னோர் மேற்கே போய்ப் பல நூற்றாண்டு ஆகிவிட்டது; பேச்சு அசர்பைஜானிக்கும் துருக்கித் துருக்கியத்துக்கும்தான் நெருக்கம். விமானச் செய்தியில் வந்தவர்கள் இவர்கள்.

3. வரலாற்றில் வரும் துர்க்மென் அரச வம்சங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் ஈரானின் பெரும்பகுதியை ஆண்ட காரா கொயுன்லு, அதாவது 'கருப்பு ஆடு' கூட்டமைப்பு, அவற்றில் ஒன்று. அக்பரின் பாதுகாவலராக இருந்த பைராம் கான் அந்த வழியில் வந்தவர். கோல்கொண்டாவில் குதுப் ஷாகி ஆட்சியைத் தொடங்கிய சுல்தான் குலியும் அப்படித்தான். கோல்கொண்டாவின் படை 1640-களில் தெற்கே இறங்கி, சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் அவர்களுக்கு வாடகை கட்ட வேண்டி வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 'துர்க்மென்' நமக்கு அவ்வளவு தூரத்துச் சொல்லும் இல்லை.

மணல் நடுவில், மனிதர் ஓரத்தில்

துர்க்மெனிஸ்தானின் பரப்பு ஏறக்குறைய 4.9 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் கரகும் பாலை. 'கருமணல்' என்று பொருள். தண்ணீர் ஓரங்களில்தான் இருக்கிறது: கிழக்கே அமு தாரியா, தெற்கே ஆப்கான் மலைகளிலிருந்து வந்து மணலில் மறைந்துபோகும் முர்காப், தெஜென் ஆறுகள், கோபெத் தாக் மலையடிவார ஓடைகள், தென்மேற்கே அத்ரெக், அதற்குத் தெற்கே ஈரானுக்குள் கொர்கான் ஆறு.

இதை வைத்துக்கொண்டு 'பாலைவன நாடோடிகள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மை. துர்க்மென்களே தங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஆடும் ஒட்டகமும் ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் தேடிப் போகிறவர் சர்வா. ஆற்றோரத்தில் கோதுமை, பார்லி விதைப்பவர் சொமுர். இது சாதி மாதிரி நிலையான பிரிவு இல்லை. ஒரே வகையறாவில் அண்ணன் சர்வா, தம்பி சொமுர் என்று இருக்கலாம். மந்தை அழிந்துபோனால் சர்வா விதைக்க வருவார், நாலு காசு சேர்ந்தால் சொமுர் ஆடு வாங்குவார்.

சரி, விதைக்கிறவர் வீடு கட்டியிருப்பார் என்றுதானே நினைப்போம்? கட்டவில்லை. அவரும் கூடாரத்தில்தான் இருந்தார். மரச்சட்டப் பின்னல் சுவர், மேலே வளைந்து போகும் கம்புகள், உச்சியில் வட்டமான மரவளையம், மேலே கம்பளிப் போர்வை. பெயர் காரா ஒய், 'கருப்பு வீடு'. பிரித்து ஒட்டகத்தில் ஏற்றிவிடலாம்.

கூடாரம் எதற்கு? வில்லியம் அயர்ன்ஸ் சொன்ன பதில்

அமெரிக்க மானிடவியலாளர் வில்லியம் அயர்ன்ஸ் 1960-களில் ஈரானின் கொர்கான் சமவெளியில் யோமுத்களோடு தங்கி ஆய்வு செய்தார். அவருக்குக் கண்ணில் பட்ட முரண் இதுதான். இங்கே ஆட்டை மேய்க்க ஒரு குடும்பம் அத்தனை தூரம் நகர வேண்டிய அவசியம் இல்லை, விவசாயிக்கோ கூடாரமே அவசியம் இல்லை. அப்படியிருந்தும் ஏன் எல்லாரும் எந்த நேரமும் கிளம்பத் தயாராக இருந்தார்கள்?

1974-இல் வெளியான கட்டுரையில் அவர் சொன்ன விடை: நாடோடி வாழ்க்கை மேய்ச்சலுக்கான ஏற்பாடு மட்டுமல்ல, அரசியல் ஏற்பாடு. இதைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

1. ஈரான் ஷாவின் படை வரி வாங்க வந்தால், கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வடக்கே பாலைக்குள் போய்விடலாம். தண்ணீர் எங்கே என்று தெரியாத படை பின்னால் வர முடியாது. படை திரும்பிப் போனதும் இவர்கள் பழைய இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

2. உள்ளுக்குள் சண்டை வந்தாலும் அதே வழி. ஒருவன் கொலை செய்துவிட்டால், கொலையுண்டவனின் பங்காளிகள் பழிவாங்கக் கடமைப்பட்டவர்கள். கொலைகாரனின் நெருங்கிய உறவினர் தொலைவில் உள்ள வேறு வகையறாவிடம் அடைக்கலம் போய்ச் சேர்வார்கள். வீடு மண்ணால் கட்டியிருந்தால் இது நடக்காது.

3. இதே வசதி தாக்குவதற்கும் உதவியது. அலமான் என்ற குதிரைப்படைக் கொள்ளையில் ஈரானிய கிராமங்களில் புகுந்து ஆட்களைப் பிடித்து, இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள கிவா, புகாரா அடிமைச் சந்தைகளில் விற்றார்கள். மீட்புப் பணம் கொடுக்க வழியுள்ளவர்களைப் பணத்துக்கு விட்டார்கள்.

மூன்றாவதை மறைத்துவிட்டு 'அரசை எதிர்த்த சுதந்திர மக்கள்' என்று மட்டும் எழுதுவது ஈரானிய விவசாயியின் பக்கத்தை அழித்துவிடும். சுதந்திரமும் அடிமை வியாபாரமும் ஒரே குதிரையில்தான் வந்தன.

இந்த ஏற்பாடு வேலை செய்ததற்கு வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 1855-இல் கிவாவின் கான் முகம்மது அமீன் சரக்ஸ் பக்கம் தெக்கேகளைத் தாக்கப் போய்க் கொல்லப்பட்டார். 1860-இல் ஈரானின் பெரும்படை மெர்வ் (இன்றைய மரி பக்கம்) வரை போய்ச் சிதறியது. படையோடு படமெடுக்கப் போயிருந்த பிரெஞ்சுக்காரர் பிளொக்வில் சிறைப்பட்டு, ஓராண்டுக்கு மேல் துர்க்மென் கூடாரத்தில் கழித்தார். திரும்பிய பிறகு அவர் எழுதிய குறிப்புகள் இன்று ஆய்வாளர்களுக்கு நல்ல ஆதாரம். மாட்டிக்கொண்டவர் எழுதியது, அதையும் நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

அரசன் இல்லை, கொடிவழி உண்டு

கானும் இல்லை, காவலரும் இல்லை என்றால் ஒழுங்கை யார் காப்பது? தந்தைவழிக் கொடிவழிதான். ஏழு தலைமுறை முன்னோர் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது மரபு. 'ஏழு தலைமுறை' என்பது உறவின் எல்லையும்கூட. பழி, நஷ்டஈடு, கல்யாணத்துக்கு உதவி எல்லாம் யார் யாருக்கு என்பதை அந்தக் கணக்குதான் சொல்லும்.

மேலே போகப் போகக் கிளைகள் பெரிதாகும். தெக்கே என்றால் தொக்தாமிஷ், ஒதாமிஷ் என்று இரு பெருங்கிளை. கொர்கான் யோமுத்களில் ஜஃபர்பாய், அதாபாய். இன்று மேய்ச்சலுக்குச் சண்டை போடும் இரண்டு கிளைகள் நாளை வெளியாள் வந்தால் பொது முன்னோரைச் சொல்லி ஒன்று சேரும். எல்லாருக்கும் மேலே ஓகுஸ் கான். பதினேழாம் நூற்றாண்டில் கிவாவை ஆண்ட அபுல் காசி துர்க்மென்களின் கொடிவழியையே ஒரு நூலாக எழுதி வைத்தார். துர்க்மென்களோடு சண்டை போட்டுக்கொண்டே எழுதிய கான் அவர்!

கொடிவழி ரத்தத்தை அப்படியே பதிவு செய்த ஏடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடைக்கலம் வந்தவர்கள் நாலு தலைமுறையில் பேரப்பிள்ளைகளாகிவிடுவார்கள், ஒதுங்கிப் போனவர்கள் கணக்கிலிருந்து மறைவார்கள். ஆனால் எல்லாரையும் அப்படிச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. கலப்பில்லாத துர்க்மென் இக். அடிமை வழியில் வந்தவர் குல். இருவருக்கும் பிறந்தவர் யாரிம், அதாவது 'பாதி'. இக் குடும்பம் குல் குடும்பத்துக்குப் பெண் கொடுக்காது. துர்க்மென் சமூகத்தில் எல்லாரும் சமம் என்று பயணிகள் வியந்து எழுதினார்கள். அந்தச் சமத்துவம் இக்குகளுக்குள் இருந்த சமத்துவம்.

இந்தக் கணக்குக்கு வெளியே ஒவ்லாத் என்ற புனிதக் குடிகள் இருந்தார்கள். ஹோஜா, செயித், ஷிக், மக்தும், அதா, முஜெவுர் என்று ஆறு. நபியின் வழியிலோ முதல் கலீபாக்களின் வழியிலோ வந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள். துர்க்மென் கொடிவழியில் இவர்களுக்கு இடமில்லை, அதுதான் இவர்களுடைய பலம். எந்தப் பக்கமும் சேராததால் சண்டை நடுவில் போய்ச் சமரசம் பேசலாம், அவர்கள் மந்தையைக் கொள்ளையடித்தால் சாபம் விழும் என்று பயம். சோவியத் இனவரைவியலாளர் செர்கெய் தெமிதோவ் இவர்களைப் பற்றித் தனிநூலே எழுதினார்.

தண்ணீர்ப் பங்கும் கல்யாணமும்

விதைக்கிற துர்க்மென் ஊர்களில் நிலத்தைவிட முறைத்தண்ணீர் முக்கியம். பல இடங்களில் சனாஷிக் என்ற முறை இருந்தது. ஊரின் தண்ணீரும் நிலமும் பொது; அவ்வப்போது பங்கு பிரிப்பார்கள்; கல்யாணமான ஆணுக்கு ஒரு பங்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. விளைவைப் பாருங்கள்:

1. கல்யாணமானால்தான் பங்கு என்பதால், வசதியுள்ள குடும்பங்கள் சின்னப் பையன்களுக்கே கல்யாணம் செய்துவைத்துக் கூடுதல் பங்கு வாங்கின.

2. அதனால் பெண்ணுக்குப் போட்டி. மாப்பிள்ளை வீட்டார் கொடுக்க வேண்டிய பரிசம், அதாவது காலின், ஏறியது.

3. பரிசம் கட்ட முடியாத ஏழை இளைஞனுக்குக் கல்யாணம் தள்ளிப்போனது; கல்யாணம் இல்லாததால் தண்ணீரும் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் கணக்கு முடியாது. சில நாளில் மணமகள் தாய்வீட்டுக்குத் திரும்பிவிடுவாள், மீதிப் பரிசம் வந்து சேரும்வரை அங்கேயே இருப்பாள். யோமுத்களிடம் இது ஆண்டுக்கணக்கில்கூட நீளும். புகுந்த வீட்டில் பெரியவர்கள் எதிரே தலைத்துணியின் ஓரத்தை வாயில் கவ்விக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். இதற்கு யாஷ்மக் என்று பெயர்.

சோவியத் அரசு 1920-களில் இங்கே பெண் விடுதலை, நிலச் சீர்திருத்தம் என்று இரண்டு தனித்தனி வேலைகளாகத் தொடங்கியது. ஊர்க்காரருக்கு அவை இரண்டும் ஒன்று. தண்ணீரைத் தொட்டால் கல்யாணம் ஆடும்; பரிசத்தைத் தடைசெய்தால், பெண்ணைக் கொடுத்தவன் 'என் மகனுக்கு எதை வைத்துப் பெண் எடுப்பேன்' என்று கேட்பான்.

அரசு கடைசியில் வந்தது

1879-இல் ரஷ்யப் படை கோக் தெப்பே என்ற மண்கோட்டையில் தெக்கேகளிடம் தோற்றுத் திரும்பியது. 1881 ஜனவரியில் ஜெனரல் ஸ்கோபெலெவ் பீரங்கிகளோடு வந்து, சுரங்கம் தோண்டி, மண்கோட்டைச் சுவரை வெடி வைத்துத் தகர்த்தார். தப்பி ஓடியவர்களைத் துரத்தித் துரத்தி வெட்டினார்கள். பெண்கள், குழந்தைகள் உள்படப் பல ஆயிரம் பேர் செத்தார்கள். கவனித்தால் ஒன்று தெரியும்: கலைந்து ஓடுவதே பலமாக இருந்தவர்கள் அன்று குடும்பத்தோடு ஒரு கோட்டைக்குள் கூடி நின்றார்கள். 1884-இல் மெர்வ் பணிந்தது. காஸ்பியன் கரையிலிருந்து 1880-இல் போடத் தொடங்கிய ரயில் பாதையும் வந்துவிட்டபின், பாலைக்குள் மறைவது என்ற உத்திக்கு அர்த்தமே இல்லாமல் போனது.

அதே 1881 டிசம்பரில் ரஷ்யாவும் ஈரானும் அத்ரெக் ஆற்றை ஒட்டி எல்லை போட்டன. யோமுத், கோக்லென் குலங்கள் இரண்டு நாட்டுக்காரர் ஆனார்கள். ஈரான் பக்கம் 1920-களில், பின்னால் ஷாவான ரேசா கானின் படை வந்து ஆயுதங்களைப் பிடுங்கியது. அயர்ன்ஸ் பார்த்தது அதற்கு 40 ஆண்டுகளுக்குப் பிந்தைய யோமுத்களை. அவர் எழுதிய கொள்ளைக்கால விவரங்கள் பெரும்பாலும் முதியவர்களின் நினைவிலிருந்து வந்தவை.

வடக்கே 1924 அக்டோபர் 27 அன்று துர்க்மென் சோவியத் குடியரசு உருவாக்கப்பட்டது. குலங்களாக இருந்தவர்களை ஒரு தேசிய இனமாக்குவது அடுத்த வேலை. கார்போவ் என்பவர் குலப் பட்டியல்களைத் தொகுத்தார். தாஷ்கந்தில் இருந்த ஓஷானின் தலைகளை அளந்து, நீள்தலை என்பதால் சித்தியர் என்ற பழங்காலப் புல்வெளி மக்களின் வழி என்றார், அந்த அளவை வேலைக்கு இன்று பெரிய மதிப்பில்லை. நிர்வாகத்தில் எந்தக் குலமும் குறைபடக் கூடாது என்று பதவிகளைக் குலவாரியாகச் சமன்செய்தார்கள். குலத்தை ஒழிப்பதாகச் சொன்னவர்களே குலத்தைக் கணக்கில் எடுத்து ஆண்டார்கள். 1929-க்குப் பிறகு கூட்டுப்பண்ணைகள் வந்தன. ஆயிரக்கணக்கானோர் மந்தையோடு ஈரானுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் ஓடினார்கள். இருந்தவர்களின் பண்ணைகள் பல ஊர்களில் பழைய வகையறாக்களின் மேலேயே அமைந்தன. பங்காளிகள் அப்படியே பண்ணைத் தொழிலாளிகள் ஆனார்கள், அவ்வளவுதான்.

மொழியிலும் இதே சமன்தான்: தெக்கே, யோமுத் பேச்சுகளை அடிப்படையாக வைத்து ஒரு பொது எழுத்துமொழி. அரபு எழுத்து போய் 1920-களின் இறுதியில் லத்தீன், 1940-இல் சிரிலிக், 1993-இல் மறுபடி லத்தீன். கடைசியாக வந்ததில் முதலில் டாலர், பவுண்டு, யென் குறிகளையே எழுத்தாக வைத்திருந்தார்கள், நல்லவேளை பிறகு மாற்றிவிட்டார்கள்.

தண்ணீர்? 1954-இல் தொடங்கிய கரகும் கால்வாய் அமு தாரியாவின் தண்ணீரை 1962-இல் தலைநகர் அஷ்காபாத் வரை கொண்டுவந்தது. பருத்தி பெருகியது, ஆரல் கடல் வற்றியதில் இதற்கும் பங்கு உண்டு. அதோடு, ஊர் கூடிப் பங்கு பிரித்த தண்ணீர் தலைநகரத்து அதிகாரியின் மடைக்குப் போய்விட்டது.

இன்று குலம் எங்கே இருக்கிறது?

கொடியில் இருக்கிறது. 1992-இல் ஏற்ற தேசியக் கொடியின் இடது ஓரத்தில் செங்குத்தாக ஐந்து கம்பளச் சின்னங்கள். முக்கியமான ஐந்து குலங்களுடையவை என்பார்கள், ஐந்து மாகாணங்கள் என்றும் சொல்வார்கள். கம்பளத்தில் திரும்பத் திரும்ப வரும் இந்த எண்கோணக் கோலம் குலத்தின் அடையாளம், போரில் தோற்றுப்போன குலம் தன் கோலத்தை நெய்யும் உரிமையை இழக்கும் என்று சோவியத் ஆய்வாளர் மோஷ்கோவா வாதிட்டார். பின்னால் வந்தவர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை; கோலங்கள் சந்தையைப் பார்த்தும் இடம் மாறியிருக்கின்றன. இந்தக் கம்பளங்களுக்கு 'புகாரா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் புகாரா சந்தை வழியாக விற்றதால்தான்.

தேசியக் கவி மக்தும்குலி பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர். தெக்கே, யோமுத் எல்லாரும் ஒன்றாகச் சேருங்கள் என்று பாடியவர். அவர் கோக்லென் குலம். கொடிச் சின்னங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் குலப் பட்டியலில் கோக்லென் இல்லை. அவருடைய சமாதி இருப்பது எல்லைக்கு அப்பால், ஈரானில்.

அரசு பேசும்போது குலம் என்ற பேச்சே வராது, எல்லாரும் துர்க்மென்தான். ஆனால் முதல் அதிபர் நியாசோவ் காலத்திலிருந்தே அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பிப்பவர் மூன்று தலைமுறை உறவினரின் விவரங்களை எழுதித் தர வேண்டியிருக்கிறது: யார், எங்கே பிறந்தார், என்ன வேலை, எப்போதாவது தண்டனை பெற்றாரா. தாத்தா பெயரை அன்று கேட்டது பங்காளி. இன்று கேட்பது அலுவலகம். இந்த விண்ணப்பங்கள் குடும்பங்களுக்குள் என்ன செய்கின்றன என்று ஊரில் தங்கி ஆராய வெளிநாட்டு ஆய்வாளருக்கு அனுமதி கிடைப்பது அரிது. அதனால்தான் இன்னமும் 1960-களின் கொர்கான் சமவெளியையும் சோவியத் காலத்துக் குறிப்புகளையும் வைத்தே பெரும்பாலும் பேச வேண்டியிருக்கிறது.